மாட்டுக் கொட்டாயிலிருந்து ஒரு கவசம்

உலகிலுள்ள பொருள்கள் அனைத்தும் இரண்டே வகையின: அடி வாங்கியவை, அடி வாங்கப் போகின்றவை. இவ்வுண்மையை ஐயத்துக்கு இடமின்றி நம்பும் ஒரே மனிதர் நெய்வேலியில் இருக்கிறார். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும்; முத்தாண்டிக்குப்பத்திலுள்ள அவர் மனைவிக்கு அது தெரியக்கூடும். எங்களுக்கு அவர் லைனர்.

சுரங்கத்தில் ஒரு கன்வேயர் பெல்ட்டிலிருந்து மறு பெல்ட்டுக்கு நிலக்கரி கொட்டும் இடத்தில் இரும்புக் கூண்டு ஒன்று உண்டு. விழும் கட்டிகளின் அடியைத் தாங்க அதன் உட்சுவரில் தகடுகள் பதித்திருப்பார்கள். அத்தகடுதான் லைனர். தேய்ந்ததைக் கழற்றிப் புதியதை மாட்டுவது நம்மவரின் ஒப்பந்த வேலை. நெடுங்காலம் அதையே செய்ததால் சுவர், கதவு, மனிதர் எதைக் கண்டாலும் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார். என் வீட்டுக்கு முதன்முறை வந்தபோது பிரிட்ஜைத் தட்டி, "மெலிசா இருக்குது சார். புள்ளைங்க இருக்கற வூடு" என்று வருந்தினார். தம் ஸ்கூட்டருக்கு நாற்புறமும் ரப்பர் வார் அடித்திருந்தார். சாப்பாட்டு டப்பாவுக்கும் அப்படியே. அது ஒருமுறை மூன்றாள் உயரத்திலிருந்து விழுந்து, துள்ளித் துள்ளி அவரிடமே திரும்பியதாக உடன் வேலை செய்பவர்கள் சத்தியம் செய்தார்கள். ரசம் சிந்தவில்லை என்பதை மட்டும் நான் நம்பவில்லை.

நான் பணிமனையில் வரைபடம் போடுபவன். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா, கன்வேயர்களின் மின்கட்டுப்பாட்டைக் கவனிப்பவர். சண்டை ரோபோ செய்து போட்டிக்குக் கொண்டுபோகும் பித்து எங்கள் இருவருக்கும் உண்டு. குடியிருப்பு மன்றம் தன் பழைய கேரம் அறையை எங்களுக்குத் தந்திருந்தது. முதலாண்டில் எங்கள் ரோபோ களத்தில் பன்னிரண்டு விநாடி வாழ்ந்தது.

"அடுத்த தடவையும் முதல் ரவுண்டுலயே வெளிய வந்தீங்கன்னா சாவியைக் குடுத்துடுங்க," என்றார் மன்றச் செயலாளர். "கேரம் ஆடுறவங்களாவது சுவத்துல துளை போட மாட்டாங்க."

மேசைமேல் கிடந்த சடலத்தைத் தட்டிப் பார்க்க வந்தவர்தான் லைனர்.

"தகட்டுக்கு ஒண்ணும் ஆவலையே சார்?"

"நாலு மில்லி எஃகு. ஆகுமா?" என்றேன் பெருமையோடு.

"உள்ள இருக்கறதுதான் செத்துப்போச்சு. தகட்ட சட்டத்தோட இறுக்கி முடுக்கிட்டீங்க. வெளிய அடிச்சா உள்ள மூளை கலங்குது. தகடு தொங்கணும் சார். அடி வந்தா கொஞ்சம் போயிட்டுத் திரும்பி வரணும்."

என் ஐந்து மாத வரைபடம் ஐந்து நிமிடத்தில் காலமாயிற்று.

அன்றிலிருந்து அவர் எங்களில் மூன்றாமவர். மன்றத்தில் நிரந்தரப் பணியாளருக்கே உறுப்புரிமை. ஒப்பந்தத் தொழிலாளரான லைனர், பிற கூடங்களில் எவரையேனும் தேடி வந்தவர்போல் வாசலிலேயே நிற்பார். எங்கள் அறையில் மட்டும் அவருக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அறை போனால் எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் பொழுதுபோக்கு போகும்; அவருக்கு நாற்காலி போகும். இதை மூவரும் அறிந்திருந்தோம்.

புதிய சட்டம் கச்சிதமான பெட்டியாக உருவாயிற்று. முன்முகம் சாய்வு. ஒரு போல்ட்டின் தலையும் வெளியே நீட்டக் கூடாது என்பது லைனரின் ஆணை. தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைக்கப் பழைய கன்வேயர் பெல்ட் துண்டொன்றைச் சுருட்டித் தோளில் கொண்டுவந்தார். அறை முழுவதும் ஒரு மணம் பரவியது.

ஸ்டெல்லா மூக்கைப் பொத்திக்கொண்டார். "எங்கண்ணே எடுத்தீங்க இத?"

"எங்க கொட்டாய்லதாம்மா. மாடு நாலு வருஷமா மிதிச்சிகினு இருக்குது. டெஸ்ட்டெல்லாம் முடிஞ்சிடுச்சி."

எடை வரம்பு பதினைந்து கிலோ. எங்கள் வீரனோ பத்தொன்பது. சட்டத்தில் துளையிட்டோம். ஒவ்வொரு துளைக்கும் லைனர் தமக்கே ஊசி குத்தியதுபோல் முகம் சுளித்தார். அதுவும் போதாமல் இருபக்கத் தகடுகளையும் கழற்றிவிட்டு, பெல்ட்டை மட்டும் திரைபோல் தொங்கவிட்டோம்.

இறுதியாக அவர் கேட்டது சைரன்.

"சைரன் ஊதாம எந்த மெஷினையும் எடுக்கக் கூடாதும்மா. பக்கத்துல ஆளு இருந்தா?"

சுரங்கத்தில் அதுதான் முறை. ஆகவே ஸ்டெல்லா, பத்து விநாடி ஊதி முடித்த பிறகே மோட்டாருக்கு மின்சாரம் பாயும்படி, ஒருவராலும் மீற முடியாத இன்டர்லாக் இணைப்பொன்றைச் செவ்வனே அமைத்தார். நான் வரைபடத்தில் ஒப்பமிட்டேன். மூவருள் ஒருவருக்கும் அதில் பிழை தென்படவில்லை.

போட்டி நடந்த சென்னைக் கல்லூரியில், தொடக்க மணி அடித்த மறுகணமே தென்பட்டுவிட்டது. எதிரே கோயம்புத்தூர்க் குழுவின் ரோபோ. அதன் நெற்றியில் மின்விசிறி வேகத்தில் சுழலும் இரும்புப் பட்டை. அது பாய்ந்து வந்தது. எங்களுடையது அசையாமல் நின்று, பழுதின்றி, முறைப்படி ஊளையிட்டது.

"ஐயோ, இன்டர்லாக்!" என்று ஸ்டெல்லா அலறினார்.

லைனர் களத்துக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொண்டார். "பாக்க முடியலம்மா. நீ சொல்லு."

முதல் அடி முன்முகத்தில் விழுந்தது. தகடு உள்ளே போய்த் திரும்பி வந்தது. இரண்டாவதும் அவ்வாறே.

"ஊதுதா?" என்றார் முதுகு காட்டியவர்.

"ஊதுதுண்ணே!"

"அப்ப உசிரு இருக்குது."

மூன்றாம் அடிக்கு எதிரி பக்கவாட்டில் வந்தான். சுழன்ற பட்டை, தொங்கிய பெல்ட்டைக் கவ்வியது. நான்கு வருடம் மாடு மிதித்தும் கிழியாத பொருள் அது. கவ்விய பட்டையை விடவில்லை. மோட்டார் முனகிற்று; புகை எழுந்தது; பட்டை நின்றது. அவ்வேளையில் எங்கள் சைரனும் ஓய்ந்தது. ஸ்டெல்லா எதிரியை மெல்லத் தள்ளிச் சுவரோரம் சேர்த்து, நேரம் முடியும்வரை அங்கேயே வைத்திருந்தார். அரங்கு அதிர்ந்தது. நடுவர் எங்கள் பக்கம் கை உயர்த்தினார்.

திரும்பிப் பார்த்தால் லைனரைக் காணோம். எதிரணியின் மேசையருகே குந்தி, அவர்களுடைய ரோபோவின் வளைந்த தண்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மெட்டீரியல் சார் அது?" என்று அவர்களுள் ஒருவர் பணிவோடு கேட்டார்.

"மாட்டுக் கொட்டாய்ல போட்டிருந்ததுங்க. மீதி இருக்குது, வேணுமா?"

இரண்டாம் சுற்றில் வேறொரு குழுவினர் எங்களைக் கவிழ்த்துப் போட்டார்கள். கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதை மூவரும் யோசித்திருக்கவில்லை. சுரங்கத்தில் எந்த இயந்திரமும் கவிழ்வதில்லை. ஆயினும் முதல் சுற்றைத் தாண்டிவிட்டோம். செயலாளர் சொன்ன சொல்லைக் காத்தார்.

அறை எங்களுக்கே நிலைத்தது. பணிமனையிலிருந்து என் வீடு கிழக்கே, மன்றம் மேற்கே. ரோபோ வேலை ஒன்றும் இல்லாத நாள்களிலும் என் வண்டி மேற்கேதான் திரும்புகிறது. நாற்காலியில் அவர் அமர்ந்திருக்கிறாரா என்று சன்னல் வழியே ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். பிறகுதான் வீட்டுக்குப் போகிறேன்.