கறுப்பு நாடா கட்டிய பிறகு எழுந்தது பற்றி

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

அக்கா மகன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். நேற்றுப் பதினோரு மணியிலிருந்து பதினொன்று இருபது வரை மட்டும் இறந்திருந்தேன். அத்தையின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நலம் விசாரித்தாயிற்று, விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் லிஃப்ட் பட்டறையை விட்டுவிட்டு அவசர மருத்துவப் பயிற்சிக்குக் கிளம்பியபோது, "மூணு மாசத்துல திரும்பி வந்து நிப்ப பாரு" என்றீர்கள். வரமாட்டேன். நேற்றுத்தான் கடைசித் தேர்வு. மூன்று மாடிப் பயிற்சிக் கட்டடத்தில் பொய்யாக ஒரு வெடிவிபத்து. பதினான்கு பேரில் பாதிப் பேர் அடிபட்டவர்கள், மீதிப் பேர் காப்பாற்றுகிறவர்கள். அடிபட்டவன் கழுத்தில் அட்டை தொங்கும், காப்பாற்றுகிறவன் அதைப் படித்து அவன் கையில் நாடா கட்ட வேண்டும். உடனே தூக்க வேண்டியவனுக்குச் சிவப்பு, காத்திருக்கக் கூடியவனுக்கு மஞ்சள், நடக்கிறவனுக்குப் பச்சை, முடிந்துபோனவனுக்குக் கறுப்பு. என் அட்டையில் "மூச்சில்லை" என்று ஒரே சொல். கறுப்பு கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கறுப்புக்காரன் பேசவோ அசையவோ கூடாது. எழுந்தால் மொத்த வகுப்புக்கும் தேர்வு செல்லாது. இரண்டாவது மாடியில் லிஃப்ட் வாசலுக்கு நேரே கிடந்தேன்.

அந்த லிஃப்ட் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றது. உள்ளே எங்கள் ஆசிரியை. முன்னாள் நர்ஸ், ஆஸ்துமாக்காரர். இன்ஹேலர் அவர் மேசைமேல் இருக்கிறது. "டேய், இது நிஜம்டா, நிஜமாவே நின்னுபோச்சு" என்று தட்டுகிறார். காப்பாற்றுகிறவர்களுக்குக் கமாண்டர், போன வருடம் வரை பேக்கரியில் கேக் மேல் பெயர் எழுதிக்கொண்டிருந்தவன், "மேடம் என்னமா நடிக்கிறாங்க" என்று வியந்து, கதவிடுக்கில் ஒரு சிவப்பு நாடாவை நுழைத்தான். அவர் அவனைத் திட்டினார். திட்ட முடிகிறதென்றால் மூச்சு சரியாக இருக்கிறது என்று சிவப்பை உருவிக்கொண்டு மஞ்சளை நுழைத்தான். எனக்கோ ஒன்றும் புரியவில்லை. நிஜமென்றால் எழ வேண்டும், தேர்வென்றால் எழக்கூடாது, எதுவென்று யாரையாவது கேட்கலாமென்றால் நான்தான் செத்திருக்கிறேனே. அந்நேரம் கதவுப் பூட்டின் நாக்கு பாதி உட்கார்ந்து மறுபடி எகிறும் சத்தம் கேட்டது. நாக்கு முழுதாக உட்காராமல் லிஃப்ட் நகராதே, அந்தச் சத்தத்தை எந்த மனுஷனும் நடிக்க முடியாது. எழுந்துவிட்டேன்.

"நீ செத்துட்ட, படு" என்றான் கமாண்டர்.

"பூட்டு போச்சுடா, தள்ளு."

"செத்தவன் பேசக்கூடாதுன்னு விதி இருக்குல்ல?"

உள்ளேயிருந்து ஆசிரியையின் குரல், பாதி இழுப்பாக, "அவனப் பேச விடுடா" என்றது. லிஃப்ட் கதவைத் திறக்கும் நம் பட்டறைச் சாவி இன்னும் என் சாவிக்கொத்தில்தான் இருக்கிறது, திருப்பித் தராததற்கு மன்னிக்கவும். திறந்து, நாக்கை நிமிர்த்தி மூடினேன். லிஃப்ட் நகர்ந்தது, அவர் வெளியே வந்தார், இன்ஹேலரை ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். கமாண்டர் பதிவேட்டில் "11.20: இறந்தவர் எழுந்து ஓடுகிறார், ஆகவே பச்சை" என்று எழுதி, என் கறுப்புக்கு மேலேயே பச்சையைக் கட்டினான்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை மாமா. தேர்வின் மதியப் பகுதிக்கான திட்டத்தில் "ஆசிரியை லிஃப்டில் சிக்குதல்" என்று நிஜமாகவே இருக்கிறதாம். "ஒத்திகை பாக்கத்தான் ஏறினேன், அதுக்குள்ள அதுவே நின்னுபோச்சு" என்கிறார் அவர். பயிற்சிப் பள்ளி முதல்வர் நம்பவில்லை, வகுப்பைக் காப்பாற்ற அவர் பொய் சொல்வதாக நினைக்கிறார். பழுது நிஜம்தான் என்று லிஃப்டைப் பராமரிப்பவர்கள் எழுதிக் கொடுத்தால் மறுதேர்வு, இல்லாவிட்டால் பதினான்கு பேரும் ஃபெயில். லிஃப்டில் தொங்குவது நம் பட்டறை போர்டு.

ஆகவே உடனே கடிதம் கொடுங்கள். கடைசியாகப் பழுது பார்த்தவன் பெயரும் அதில் வேண்டுமாம். மெயினை அணைத்துப் பூட்டைக் கழற்றி இத்துடன் அனுப்புகிறேன். பட்டறை மேசையில் சரிசெய்யும் ஒவ்வொரு பூட்டின் பின்னாலும் அவனவன் எண்ணைக் கீறியாக வேண்டும் என்பது நீங்கள் வைத்த விதிதானே, பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறான். இவனையெல்லாம் வைத்துக்கொண்டு எப்படித் தொழில் நடத்துகிறீர்கள்? இன்றைக்கே வீட்டுக்கு அனுப்புங்கள், எவ்வளவு வேண்டியவனாக இருந்தாலும் சரி.

அத்தைக்கு என் அன்பு. முட்டியை மடக்கி உட்கார வேண்டாமென்று சொல்லுங்கள், இது நான் படித்தது.

இப்படிக்கு,
உயிருடன் உள்ள,
அக்கா மகன்

பி.கு.: பொட்டலம் கட்டும்போது கிரீஸைத் துடைத்துப் பார்த்தேன். ஏழு. ஏழு நான்தான். கிளம்புகிற அவசரத்தில் முடித்த கடைசிப் பூட்டாக இருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பச் சொன்ன ஆள் ஏற்கெனவே போய்விட்டான், அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம். பெயரை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள், மீதிப் பதிமூன்று பேராவது தேறட்டும். நீங்கள் சொன்ன மூன்று மாதம் முடிய இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அதுவரை என் ஸ்பானர் பெட்டியை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.