டிவியில் ரேடியோ கேட்ட வால்வு அண்ணன்

டிவி வாங்கிவந்து, அதில் படம் வராததற்காகச் சந்தோஷப்பட்ட ஒரே மனிதப் பிறவி, எனக்குத் தெரிந்து வால்வு அண்ணன்தான்.

துபாய் சத்வாவில் நாங்கள் ஆறு பேர் ஒரே ரூமில் இருந்த காலம். இரண்டாயிரம் பிறந்து, எல்லோர் கையிலும் செல்போன் முளைத்திருந்தது. அண்ணனுக்குக் குளச்சல்; வேலை ஏசி மெக்கானிக். நிஜப் பெயர் விசாவில் மட்டும்தான் இருந்தது. கண்ணாடி வால்வு எரிகிற பழைய சாமான் எங்கே கண்ணில் பட்டாலும் தூக்கி வந்துவிடுவார் என்பதால் நாங்கள் வைத்த பெயர் வால்வு.

ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடமிருந்து ஒருநாள் மரப்பெட்டி டிவி ஒன்றை வாங்கிவந்தார். பீரோ கனம். லிஃப்டில் நுழையவில்லை. நாலு மாடி ஏற்றியதில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. டிவியோடு ஒரு சின்னப் பெட்டியும் வந்தது. முன்னால் ஒரு திருகு, உள்ளே மூன்று வால்வு.

“இது என்னண்ணே?”

“இத டிவிக்குப் பொறத்தால மாட்டினா டிவியில ரேடியோ கேக்கும் மக்கா. அந்தக் காலத்துல இதுக்குன்னே செஞ்சு வித்த சாமான்.”

“ரேடியோவ ரேடியோவுலயே கேக்கலாமே?”

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அத எவன் வேணும்னாலும் கேப்பாம்லா!”

போட்டால் உடனே பாடிவிடாது. வால்வு சூடாக ஐந்து நிமிஷம். பிறகு டிவி விக்கும், இருமும். திரையில் கோடி எறும்புகள் சண்டை போடும். அதற்குப் பின்னாலிருந்து யாரோ அரபியில் எதையோ விலை சொல்வார்கள். அண்ணன் கண்ணை மூடி ரசிப்பார். பெட்டி விட்ட அனலில் ஏசி தோற்றது. கயிற்றில் காயப்போட்ட பனியன்கள் மட்டும் சீக்கிரம் காய்ந்தன.

முதலில் பொறுமை இழந்தவர் எங்கள் ஆறு பேரில் ஒருவரான, கீழே மளிகைக்கடை வைத்திருந்த காதர் காக்கா. காயல்பட்டினத்துக்காரர்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். டிவிக்கு இடம் கொடுத்ததில் அவர் கட்டில் ஒரு முழம் நகர்ந்து, கால் இரண்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

“இது டிவியா, முசீபத்தா? இந்தத் தொல்லை நமக்கு வேணுமா?” என்று பஞ்சாயத்தைக் கூட்டினார். ஓட்டுப் போட்டோம். ஐந்துக்கு ஒன்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிவி குப்பைக்குப் போக வேண்டும். நானும் கை தூக்கினேன், இடுப்பைப் பிடித்தபடி.

அண்ணன் சண்டை போடவில்லை. ஒரு துணியை எடுத்து டிவியைத் துடைக்க ஆரம்பித்தார். அதுதான் கொஞ்சம் உறுத்தியது.

அந்த வெள்ளிக்கிழமை இந்தியா பாகிஸ்தான் கிரிக்கெட். எங்கள் ரூமில் கலர் டிவி இருந்தது. எதிர் ரூம் பாகிஸ்தானி டாக்ஸி டிரைவர்களிடமும் இருந்தது. மாட்ச் சூடுபிடிக்கிற நேரத்தில், மொட்டைமாடியில் வேலை பார்த்த யாரோ டிஷ் ஒயரை அறுத்துவிட்டார்கள். கட்டடம் முழுக்க டிவி செத்தது.

எதிர் ரூம் கான் பாய் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். “ஹிந்தி கமெண்ட்ரி மீடியம் வேவ்ல வருது பாய்! ரேடியோ இருக்கா?”

எங்கள் செல்போன்களில் எஃப்எம் மட்டும்தான் எடுக்கும். அவர் டாக்ஸியில் மீடியம் வேவ் உண்டு. ஆனால் நாற்பது பேர் ஒரு டாக்ஸியில் எப்படி ஏறுவது? எல்லோரும் ஒரே நேரத்தில் வால்வு அண்ணனைத் திரும்பிப் பார்த்தோம். அவர் ஏற்கெனவே சுவிட்சைப் போட்டிருந்தார்.

ஐந்து நிமிஷம் மூச்சு விடாமல் நின்றோம். டிவி விக்கியது, இருமியது. “...சௌக்கா!” என்று அலறியது. பௌண்டரி! கட்டடம் குலுங்கியது.

நாற்பது பேரும் எறும்புத் திரையையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அதிசயம். ஓர் எல்பிடபிள்யூவுக்குக் கான் பாய் துள்ளி எழுந்தார். “நாட் அவுட்! பந்து வெளியே போச்சு, நானே பார்த்தேன்!”

“நீர் எங்கே பார்த்தீர்? நேரா ஸ்டம்புக்குத்தான் வந்திச்சு!” என்று காதர் காக்கா எழுந்து போய்த் திரையில் விரல் வைத்துக் காட்டினார்.

கடைசி ஓவரில் சத்தம் தேய்ந்தது. ஒரு வால்வு குழியில் ஆடிக்கொண்டிருந்தது. அண்ணன் கையில் காலுறையை மாட்டி அதை அழுத்திப் பிடித்தார். சத்தம் திரும்பியது. பிடியை விட்டால் போனது.

“அண்ணே, அசையாதீங்க!”

“பாய், ஸான்ஸ் மத் லோ!” மூச்சே விடாதே என்றார் கான் பாய்.

ஆறு பந்து. அண்ணன் முகம் வால்வைவிடச் சிவந்தது. கடைசிப் பந்தில் இந்தியா ஜெயித்தது. எதிர் ரூம்காரர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள். கால் மணி நேரத்தில் ஒரு கெட்டில் சாயாவோடு திரும்பி வந்தார்கள். காலுறையைக் கழற்றினால் அண்ணனின் இரண்டு விரல்கள் கொப்பளித்திருந்தன. காதர் காக்கா ஓடிப்போய்க் களிம்பு எடுத்துவந்து தடவிவிட்டார்.

“ஏ மக்கா,” என்று அண்ணன் என் காதில் கேட்டார், “கடைசீல யாரு கோல் போட்டா?”

அவருக்குக் கிரிக்கெட்டே தெரியாது!

அதன்பிறகு ஓட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மறு வருஷம் அவருக்குக் கத்தாரில் ராஸ் லஃபானில் வேலை கிடைத்தது. டிவியை எங்களிடம் விட்டுவிட்டு, பெட்டியை மட்டும் கைப்பையில் கொண்டுபோனார். போய்ச் சேர்ந்ததும் ஃபோன் செய்தார்.

“ஏர்போர்ட்டுல போலீஸு கேட்டாம்லா, இது என்னதுன்னு. ரேடியோன்னேன். பாட வைய்யின்னான். டிவி வேணும்னேன். டிவி எங்கன்னான். சத்வாவுலன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தான். ‘கலாஸ், யல்லா, போ’ன்னுட்டான்.”

சிரித்து முடித்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“இங்க தனி ரூம் குடுத்திருக்கான் மக்கா. நல்ல வசதிதான். ஆனா ஒரு அனக்கமும் இல்ல, ஒரு ஆள் சத்தமும் இல்ல.”

நான் செல்போனைக் கட்டில்களுக்கு நடுவே தூக்கிப் பிடித்தேன். காதர் காக்கா முதல் எல்லோரும் ஒரே நேரத்தில் அவரைத் திட்ட ஆரம்பித்தோம். லைனில் அவர் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கார்டு தீர்ந்து லைன் அறுந்துபோகிறவரை நாங்களும் நிறுத்தவில்லை.