கிளட்சை மிதிக்க ஒரு ஆள்

எங்கள் வீட்டில் எனக்கென்று இருப்பது ஒரே ஒரு இருக்கை. அதுவும் வீட்டுக்குள் இல்லை. ஷெட்டில் நிற்கும் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் இருக்கிறது. மற்றதெல்லாம் மனைவியின் ஆட்சி. தினமும் வேலைக்குப் போகும் வீட்டுக் காரைக்கூட அவள்தான் ஓட்டுவாள். நான் பக்கத்தில் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு வருவேன்.

ஆனால் சிவப்பி, அதாவது அந்தக் கார், என்னுடையவள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். மனைவி அவளுக்கு வைத்திருக்கும் பெயர் சக்களத்தி.

சிவப்பியை நான் மட்டும் ஓட்ட முடிந்தது என் திறமையால் என்று தெருவே நம்பியது. நிஜத்தில் காரணம் கிளட்ச் பெடல்தான். ரப்பர் தேய்ந்து வழுக்கை. பெடல் அச்சைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்து, பெடல் இப்படியும் அப்படியும் ஆடும். ஸ்பிரிங் செத்துப்போனதால், மிதித்தால் அப்படியே படுத்துக்கொள்ளும்; கட்டைவிரலைக் கொடுத்து எழுப்பவேண்டும். இந்த வித்தை என் காலுக்கு மட்டுமே தெரியும். மனைவி ஒரே ஒரு முறை முயன்றாள். வண்டி கேட்டைத் தாண்டவில்லை. "இவ எல்லாருக்கும் அடங்கமாட்டா" என்று நான் மீசையை முறுக்கினேன். பத்து வருடமாக அந்தப் பெடலை நான் பழுது பார்க்காததன் ரகசியம் இதுதான்.

போன மாதம் அந்த வழுக்கையில் என் செருப்பே வழுக்கியது. சிவப்பி ஒரு தாவு தாவி, மனைவியின் ரோஜாத் தொட்டிகள் மூன்றையும் சாய்த்தாள்.

"ரிப்பேர் பண்ணுங்க. இல்லாட்டி வித்துடுங்க."

"மெக்கானிக் கை இவ மேல படக்கூடாது. நானே பண்றேன்."

"குழாய்க்கு வாஷர் போட்டீங்களே, அந்த மாதிரியா?"

அது பழைய கதை. தரைகூட இப்போது காய்ந்துவிட்டது.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், தலை பெடலுக்கு அடியிலும் கால் கதவுக்கு வெளியிலுமாகக் கிடந்தேன். தேய்ந்த புஷ்ஷைத் தட்டி எடுத்துப் புதுப் பித்தளை புஷ் போட்டேன். கிரீஸ் தடவினேன். ஸ்பிரிங், ரப்பர் எல்லாம் புதிது. பாக்கி, பெடல் எவ்வளவு தூரத்தில் நிற்கவேண்டும் என்ற அளவு மட்டும்தான். அதற்கான நட்டு பானெட்டுக்குள் இருக்கிறது. நான் அதைத் திருப்பும்போது சீட்டில் ஒருவர் உட்கார்ந்து மிதித்துக் காட்டவேண்டும்.

"ஏம்மா, கொஞ்சம் வந்து மிதியேன்."

"சக்களத்தியையா? சந்தோஷமா."

தூக்கிய பானெட் அவளை மறைத்தது. குரல் மட்டும் வந்தது.

"எட்டலைங்க."

திருப்பினேன். "இப்போ?"

"நுனிக்கால்தான் படுது."

திருப்பினேன். "இப்போ?"

"இன்னும் ஒரு விரக்கடை கிட்ட வரணும்."

குறை கேட்கக் கேட்க எனக்குள் இருந்த தொழிலாளிக்கு ரோஷம் வந்தது. விடாமல் திருப்பினேன்.

"பிரேக்கையும் இதே அளவுக்கு வெச்சிடுங்களேன்" என்றாள். எவ்வளவு பொறுப்பு என்று நெகிழ்ந்து அதையும் வைத்தேன்.

"இப்போ வெண்ணெயா இருக்குங்க. அப்படியே இறுக்கிடுங்க."

தம் பிடித்து இறுக்கினேன்.

கை கழுவிவிட்டு வந்து என் இருக்கையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது பொய், மடிந்தேன். முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்கில் மாட்டிக்கொண்டன. சீட்டைப் பின்னுக்குத் தள்ள வழியில்லை. அது துருப்பிடித்து இறுகியது எங்கள் கல்யாணத்துக்கும் முன்னால்.

"இடிக்குதா? எனக்குச் சரியா இருந்துச்சே."

"உன் காலுக்கா அளவு வெச்சேன்?"

"என் கால்தானே அங்க இருந்துச்சு."

"மறுபடி மாத்திடறேன். வந்து மிதி."

"ஓட்டுறதுன்னா மிதிக்கிறேங்க. அளவு பாக்க வேற ஆளைத் தேடுங்க."

என்னை வெளியே இழுத்துப்போட்டதும் அவள்தான். இழுத்த கையோடு சாவியையும் வாங்கிக்கொண்டாள்.

சிவப்பி பூனை மாதிரி நடந்தாள். என்னிடம் ஒரு நாளும் இப்படி நடந்ததில்லை. மனைவி முடி பறக்கச் சிரித்தபடி கியர் மாற்றினாள். பொய் சொல்வானேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கல்யாணமான புதிதில் பார்த்ததுபோல அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன். திருப்பங்களில் மட்டும் என்னையறியாமல், என் பக்கம் இல்லாத பிரேக்கை ஓங்கி ஓங்கி மிதித்தேன்.

வீடு வந்ததும் அவள் குனிந்து என் காலடியைப் பார்த்தாள்.

"ஏங்க, உங்க பக்கம் கால்மிதி தேய ஆரம்பிச்சிடுச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை பாத்துடுங்க. மெக்கானிக் கை மட்டும் படவேண்டாம்."