அரிக்கமேட்டில் கிடைத்த கானாவூர்ச் சாடி

நகையைக் காட்டிப் பெண் கேட்டவர்கள் உண்டு, நிலத்தைக் காட்டிக் கேட்டவர்கள் உண்டு. சேறு அப்பிய ஒரு சாடியைக் காட்டிப் பெண் கேட்ட மடையன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். அதுவும் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த மடையன். (என்னிடம் படித்தவர்கள் யாராவது இதை வாசிக்க நேர்ந்தால், நான் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் வேறு யாரிடமாவது ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.)

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். மாதா கோயில் பாட்டுக் குழுவில் ரோசாலி பாடிக்கொண்டிருந்தாள். நானும் போய்ச் சேர்ந்தேன். என் குரலை ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்ட சுவாமியார், அடுத்த வாரத்திலிருந்து பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது. புத்தகத்தின் இன்னொரு முனையை ரோசாலி பிடித்திருந்தாள்.

அவள் அப்பா அந்துவான், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனா வரைக்கும் போய்ச் சண்டை போட்டுவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம். மீசையைப் பார்த்தாலே சலாம் போடத் தோன்றும். அந்த மனிதர் ஊர் திரும்பிய நாளிலிருந்து கோயில் வாசற்படியை மிதித்ததில்லை. எங்கோ ஒரு சேற்று வயலில் அடிபட்டுக் கிடந்த சிநேகிதன் கையைப் பிடித்துக்கொண்டு செபம் சொல்லியிருக்கிறார். செபம் முடிவதற்குள் சிநேகிதன் போய்விட்டான். அன்றோடு செபத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

பெண் கேட்டுப் போனபோது என்னை அவர் துரத்தவில்லை. அதுதான் வம்பாகப் போயிற்று.

"பொண்ணைத் தரேன் வாத்தியாரே. மேரியில வந்து கையெழுத்துப் போட்டுட்டுக் கூட்டிட்டுப் போ. கோயிலுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாத" என்றார். (மேரி என்பது எங்கள் ஊர் நகரமன்றம். பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்தே கலியாணம் அங்கேதான் பதிவாகும்.)

உள்ளேயிருந்து அவர் மனைவி மதலேனம்மாள் குரல் வந்தது. "கோயில்ல கையப் பிடிச்சுக் குடுக்க அப்பன் வரலன்னா இந்த வீட்ல கலியாணமே கெடையாது, ஆமா!"

"அப்ப அந்தப் பாரீசுப் பையனுக்குக் கடுதாசி போட்டுடறேன். அவன் மேரியே போதும்னுட்டான்" என்றார் சொல்தா.

எனக்கு முன்பே ரோசாலியைப் பெண் கேட்டிருந்த, பாரீசுக்குக் கப்பலேறப்போகிற அந்தப் பையனுக்கு அலைஅலையாகத் தலைமுடி இருந்தது. எனக்கு அப்போதே நெற்றி மேலே ஏறிக்கொண்டிருந்தது. பதறிப்போய், "முசே, நீங்க கோயிலுக்கு வர நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன். (பிரெஞ்சில் ஐயாவுக்கு 'முசே'.)

அவர் சிரித்தார். "வேதத்துல சொல்றதெல்லாம் நெசம்தான்னு ஒரே ஒரு அத்தாட்சி கொண்டாந்து காட்டு. மொத பெஞ்சுல வந்து ஒக்காரேன்."

வேறு யாராக இருந்தாலும் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். நான் அத்தாட்சி தேடக் கிளம்பினேன்.

ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. ரோமாபுரிக் கப்பல்கள் வந்துபோன இடம். திராட்சை ரசம் கொண்டுவந்த சாடிகளின் ஓடுகள் அங்கே தோண்டத் தோண்டக் கிடைத்தன என்று வகுப்பில் நானே முழங்கியிருக்கிறேன். மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மனச்சோர்வில் அந்தப் பக்கம் நடக்கப் போனேன். கரை சரிந்த இடத்தில், தென்னைகளுக்கு நடுவே, சேற்றிலிருந்து ஒரு சாடியின் கழுத்து எட்டிப் பார்த்தது. குடைக்காம்பால் தோண்டினேன். குடை போயிற்று, சாடி வந்தது. துடைத்துப் பார்த்தால் வயிற்றில் ஒரு சிலுவைக் குறி!

அந்த ஆற்றங்கரையில் நின்றபடி என் மூளை செய்த வேலையை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ரோமாபுரிக் கப்பல் இங்கே வந்தது, சரி. அர்ச்சியசிஷ்ட தோமையார் நம் தமிழ்நாட்டுக்கு வந்தார், சரி. வந்தவர் நீந்தியா வந்திருப்பார்? கப்பலில்தானே? கானாவூர்க் கலியாணத்தில் சேசுநாதர் தண்ணீரைத் திராட்சை ரசமாக்கினாரே, அந்தப் பந்தியில் தோமையாரும் இருந்திருப்பார். தூர தேசம் போகிறவர் ஞாபகத்துக்கு ஒரு சாடியைக் கையோடு எடுத்துவராமலா இருப்பார்? சிலுவைக் குறி வேறு! முடிந்தது. ஒரு ரிக்ஷாவைப் பிடித்து, சாடியைச் சீட்டில் உட்காரவைத்து, நான் பக்கத்தில் நடந்தே ரோசாலி வீட்டுக்கு வந்தேன். ('கானாவூர்ச் சாடி மேல் கால் படலாமா?')

மதலேனம்மாள் பார்த்ததும் கும்பிட்டார். கும்பிட்ட கையோடு சந்தேகமும் வந்தது. "சுவிசேஷத்துல கற்சாடின்னு இல்ல இருக்குது? இது மண்ணாச்சே தம்பி."

"அவ்வளவு நாள் ஆனா கல்லு மண்ணாகாதாம்மா?" என்றேன். நான் சரித்திர வாத்தியார் என்பதால் அவர் நம்பிவிட்டார்.

"என்னமோ வாடை வருதே?"

"பரிசுத்த வாடைம்மா." (எனக்கு அன்றைக்கு நல்ல ஜலதோஷம்.)

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மெழுகுவர்த்தி வந்தது, மல்லிகைச் சரம் வந்தது. முழங்கால் வலிக்காரர்கள் சாடியைத் தொட்டு முழங்காலைத் தொட்டுக்கொண்டார்கள். வருஷக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்யாதவர்கள் சுவாமியார் எத்தனை மணிக்கு இருப்பார் என்று விசாரித்தார்கள். பக்கத்து வீட்டு ஜவுளிக்கடை காதர் பாயும் எட்டிப் பார்த்தார்.

"ஈசா நபி அற்புதம் செஞ்சார்னு நாங்களும்தான் சொல்றோம் தம்பி. ஆனா சாடியைப் பார்த்துத்தான் நம்பணும்னா, நாளைக்கு இது ஒடைஞ்சா என்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார். நான் பதிலுக்குத் தும்மினேன்.

சொல்தா மட்டும் சாய்வு நாற்காலியில் சுருட்டோடு உட்கார்ந்திருந்தார். கூட்டம் அடங்கியதும் எழுந்து வந்து, விரலால் சாடியைத் தட்டிப் பார்த்தார்.

"கானாவூர்ச் சாடிதானே?"

"சந்தேகமே இல்ல முசே!"

"அப்ப அதுக்கு வேலை தெரிஞ்சிருக்கும். தண்ணி ஊத்து. காலையில ரசமா இருந்தா நான் கோயிலுக்கு வரேன். தண்ணியாவே இருந்தா பாரீசுப் பையனுக்குக் கடுதாசி."

இப்படி ஒரு பரீட்சை வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பரீட்சை வைத்தே பிழைக்கிறவன் நான். தெருவே பார்த்துக்கொண்டிருக்க, கிணற்றிலிருந்து இறைத்து என் கையாலேயே சாடியை நிரப்பினேன். மதலேனம்மாள் சாடியின் வாயில் வெள்ளைத் துணி கட்டினார். ரோசாலி செபமாலையோடு அதன் முன் முழந்தாளிட்டாள். பாடம் படிக்காத பையன் பரீட்சைக்குப் போகும்போது அவன் அம்மா பார்க்கிற மாதிரி ஒரு பார்வை என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்; கன்னம் நனைந்திருந்தது. சொல்தா நாற்காலியிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சுருட்டு அணைந்துபோனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தோமையாரிடம் முறையிட்டேன். "உம்ம பேரைச் சொல்லித்தான் ஆரம்பிச்சேன், கைவிட்டுடாதேயும்." அவர் பேரை நான் யாரைக் கேட்டு இழுத்தேன் என்று அவர் திருப்பிக் கேட்காதது பெருந்தன்மை.

காலையில் போனால், பூசைக்குக்கூட அவ்வளவு கூட்டம் வந்து நான் பார்த்ததில்லை. சொல்தா சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். துணியை அவிழ்த்தார். கண்ணாடித் தம்ளரை உள்ளே விட்டு எடுத்தார்.

சிவப்பு. நல்ல மாதுளம்பழச் சிவப்பு.

சொல்தா ஒரு வாய் குடித்தார், நாக்கில் உருட்டினார், விழுங்கினார்.

"ரசம்தான்" என்றார்.

மதலேனம்மாள் "ஆண்டவரே!" என்று அலறித் தரையில் விழுந்தார். தெரு முழுக்க முழந்தாளிட்டது. நின்றுகொண்டிருந்தவன் நான் மட்டும்தான். எல்லாரும் நம்பிவிட்டார்கள், சாடியைக் கொண்டுவந்த என்னால்தான் நம்ப முடியவில்லை.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தோளில் துண்டோடு ஒருவன் உள்ளே வந்தான்.

"இன்னா சார், ஊர்ல என்னென்னமோ சொல்லிக்கிறாங்க. இது நம்ம சாடிங்க."

"யாருப்பா நீ?"

"கோவிந்தன்ங்க. அரியாங்குப்பம்."

எங்கள் ஊர் எல்லை ஒரு விசித்திரம். ஒரு தோப்பு புதுச்சேரி, அடுத்த தோப்பு மெட்ராஸ் ராஜ்யம், அதற்கடுத்தது மறுபடி புதுச்சேரி. இந்தப் பக்கம் சாராயக்கடை, அந்தப் பக்கம் மதுவிலக்கு. கோவிந்தன் தன் சரக்கைச் சாடியில் ஊற்றி ஆற்றங்கரைச் சேற்றில் புதைத்துவைப்பான். அந்தப் பக்கத்து ஆள் இருட்டியதும் வந்து சரக்கை வேறு பாத்திரத்தில் மாற்றிக்கொண்டு, காலிச் சாடியை அதே இடத்தில் புதைத்துவிட்டுப் போவான். இதுதான் ஏற்பாடு.

"அந்தச் சிலுவை?" என்று கேட்டேன்.

"சிலுவை இல்லீங்க, பெருக்கல் குறி. ஆளாளுக்குப் பொதைக்கிறாங்கல்ல? ரங்கன் சாடிக்கு வட்டம், நம்முதுக்குப் பெருக்கல். நீங்க சாச்சு வச்சுப் பார்த்திருக்கீங்க." சாடியைக் கொஞ்சம் திருப்பிக் காட்டினான். பெருக்கல்தான்.

எங்கோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அரியாங்குப்பத்துச் சேறு மறுபடி வாயைத் திறந்தால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. பாரீசுப் பையனின் தலைமுடி கண்முன்னால் அலையடித்தது.

சாடியைத் தூக்கப்போன கோவிந்தன் உள்ளே பார்த்து நின்றுவிட்டான். விரலை விட்டு நக்கிப் பார்த்தான். முகம் மாறியது.

"நான் ஊத்துனது வெள்ளைச் சாராயம். நீங்க இன்னா ஊத்தினீங்க?"

"தண்ணி" என்றது கூட்டம்.

"அப்ப இது எப்பிடிங்க செவப்பாச்சு?" துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். "தாயே! இந்தச் சாடியிலயா நான் சரக்கு ஊத்துனேன்!"

சிரிப்பு நின்றுபோயிற்று. முழந்தாளிலிருந்து எழுந்தவர்கள் மறுபடி விழுந்தார்கள், இந்த முறை இன்னும் பலமாக. கானாவூர்ச் சாடி அற்புதம் செய்தால் அதில் என்ன ஆச்சரியம்? சாராயச் சாடி செய்தால் அல்லவா ஆச்சரியம்!

சத்தம் கேட்டுச் சுவாமியாரே வந்துவிட்டார். நடந்ததைக் கேட்டார். தம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுச் சொல்தாவை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்:

"சாடி மெய்யின்னா ஞாயித்துக்கிழமை பூசைக்கு வருவீங்க. பொய்யின்னு தெரிஞ்சா வராம இருந்துடுவீங்களா?"

காதர் பாய் மட்டும் தன் வீட்டு வாசலிலிருந்து பலமாகத் தலையாட்டினார்.

"நீ என்ன சொல்ற அந்துவான்?"

சொல்தா மீசையைத் துடைத்துக்கொண்டார். "ரசம் கெடைச்சா வரேன்னு சொன்னேன் சாமி. ரசம் கெடைச்சுது. சாடி எவனோடதா இருந்தா எனக்கென்னா? ஓலை வாசிங்க."

கோயிலில் எங்கள் கலியாணத்தை அறிவிக்கும் ஓலை வாசிக்கப்பட்டது. கழுத்தில் மல்லிகையோடு சாடி அரியாங்குப்பம் திரும்பியது. அதில் மறுபடி சாராயம் ஊற்றக் கோவிந்தனுக்குத் தைரியம் வரவில்லை. விதைநெல் போட்டு வைத்திருந்தான். சொல்தா சொன்னபடி முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார், பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுத்தார். விருந்து முடிந்ததும் என்னை ஓரமாக அழைத்து, "உன் பொண்டாட்டி லேசுப்பட்டவ இல்ல மாப்ளே. அது என் பீப்பா ஒயின். ஒரு வாயிலயே தெரிஞ்சுபோச்சு. உனக்காக அப்பன் வீட்லயே திருடியிருக்கா" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்காக ஒருத்தி திருடினாள் என்பதை வருஷக்கணக்கில் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். எங்கள் குடும்பத்தில் இன்றும் யாராவது விருந்தில் தம்ளரை எடுத்தால், "மொதல்ல இவர் கையால தண்ணி ஊத்தச் சொல்லுங்க" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். நானும் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். இதுவரை ஒன்றும் சிவக்கவில்லை.

எங்கள் இரண்டாவது பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, பந்தியில் எல்லார் முன்னாலும் அந்தத் திருட்டைப் பற்றிப் புகழ்ந்துவைத்தேன். ரோசாலி பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"நான் எங்க திருடினேன்? பீப்பா இருந்த ரூம்பைப் பூட்டிச் சாவியை அப்பா அரைஞாண்ல இல்ல கட்டியிருப்பார்? தூங்கறப்பக்கூட அவிழ்க்க மாட்டார். ஏதோ அற்புதம்னுதான் இத்தனை நாளா நான் நெனச்சுக்கிட்டிருக்கேன்!"

நான் மெதுவாக மாமனார் பக்கம் திரும்பினேன். அவர் பிரியாணியில் எலும்பு தேடிக்கொண்டிருந்தார்.

"மாமா, சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு? அப்ப சாடியில ஊத்தினது யாரு?"

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"நம்பணும் மாப்ளே, கேக்கக் கூடாது."