தோணின மாதிரி வாசித்த பொட்டி டாக்டர்

கொல்லிமலை மாடுகளுக்கே பியானோ இசை தெரியும் என்றால், அதற்குக் காரணம் எங்கள் பொட்டி டாக்டர்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து, மலைமேல் இருக்கும் எங்கள் அரியூர் நாட்டுக்கு மாற்றலாகி வந்த கால்நடை டாக்டர். ஒரு கையில் ஊசி மருந்து, மறு கையில் கீபோர்டு. கீபோர்டை நாங்கள் பொட்டி என்றோம். பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

அவருடைய உயிர் இம்ப்ராம்ப்டுவில் இருந்தது. அந்த நிமிஷம் மனதில் உதித்தது போலக் கேட்கிற சின்ன பியானோ இசை. ஐரோப்பாவில் பெரிய பெரிய இசையமைப்பாளர்கள் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்களாம். டாக்டரும் ஒன்று எழுதி, ஓயாமல் பழகிக்கொண்டிருந்தார்.

கழிச்சல் கண்ட கன்றோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்ற என் பெரியப்பாவுக்கு இது பிடிபடவில்லை.

"ஏனுங்க டாக்டரு, அப்பப்பத் தோணுறதுக்கு எதுக்குங்க காயிதம்?"

"தோணின மாதிரி இருக்கணும் அண்ணாச்சி. தோணப்பிடாது!"

"அப்ப பொய்யிங்களா?"

"பொண்ணு பாக்கப் போறப்ப, சும்மா இந்தப் பக்கம் வந்தோம்னு சொல்லுதீயள்ல? அது மாதிரி."

பெரியப்பா அடங்கிப்போனார். கன்று அடங்கவில்லை.

முதலில் ஒரு மெட்டு, நடுவில் வேறொன்று, கடைசியில் முதல் மெட்டே திரும்பி வரும். அப்படித்தான் எழுதியிருந்தார். திரும்பி வந்ததும் பெரியப்பா குறுக்கே விழுவார்: "இத முன்னாலயே வாசிச்சுட்டீங்க. மறந்துட்டீங்களா சாமி?" டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து ஆரம்பிப்பார். ஊசி போட்டு முடிவதற்குள் கன்று பசுவாகிவிடும்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் ஆண்டு விழா வந்தது. டாக்டரின் இசைக்கு அன்றுதான் அரங்கேற்றம். ஒரு சுரம் தப்பினாலும் அன்னம் தொடுவதில்லை என்று சபதம் வேறு. எனக்கோ அதைவிடப் பெரிய வேலை. ஊர்ப் பள்ளி எட்டாவது வரைதான்; மேலே படிக்கச் சோளக்காடு போகக் காலை பஸ் கிடையாது. அதனால் பெண் பிள்ளைகள் எட்டாவதோடு நின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான் என்பதால், விழாவுக்கு வரப்போகும் அதிகாரியிடம் பஸ் கேட்கும் பொறுப்பை ஊர் என் தலையில் கட்டியது.

மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். "மதிப்பிற்குரிய" என்றேன். அவ்வளவுதான். மற்றதெல்லாம் பறந்துவிட்டது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மேடை ஓரத்தில் முறைக்காகக் காத்திருந்த டாக்டர், ஏற்பாடே இதுதான் என்பதுபோல வாசிக்கத் தொடங்கினார். முதல் மெட்டு முடிந்தது. நான் இன்னும் "மதிப்பிற்குரிய"விலேயே நின்றேன். நடு மெட்டும் முடிந்தது. முதல் மெட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் அவர் என்னைப் பார்த்தார், திரும்பவில்லை. எழுதாத எதையெதையோ வாசித்தபடி, "மெதுவாப் பேசு தம்பி, நான் இங்கனதான் இருக்கேன்" என்றார்.

"என் தங்கச்சி நல்லாப் படிப்பாளுங்க. எட்டாவதோட நின்னுட்டா. சோளக்காட்டுக்குக் காலையில ஒரு பஸ் உடுங்கய்யா" என்றேன். அதிகாரி தலையாட்டினார். அதன் பிறகே டாக்டர் முதல் மெட்டுக்கு வந்தார்.

"உங்க பாட்டு கெட்டுப்போச்சுங்களே" என்றேன், விழாச் சாப்பாட்டுப் பந்தியில்.

"கெட்டே போச்சு. நடுவுல என்னத்த வாசிச்சேன்னு எனக்கே தெரியல" என்று சொல்லிவிட்டு இரண்டாம் முறை சோறு வாங்கினார்.

பஸ் வந்தது. போன மாதம் அவருக்குச் சொந்த ஊருக்கே மாற்றல். வழியனுப்ப நானும் அந்தக் காலை பஸ்ஸில் கூடவே ஏறினேன். பொட்டிக்கு இடமில்லை என்றார் கண்டக்டர். நான் வாயைத் திறப்பதற்குள், சீருடையில் இருந்த என் தங்கச்சி எழுந்து, ஜன்னலோர இடத்தைப் பொட்டிக்குக் கொடுத்துவிட்டு, சோளக்காடு வரை நின்றுகொண்டே வந்தாள்.