இடப்பக்கத் தூண்

புதிதாகப் பகுத்தறிவு வந்தவனை வீட்டில் வைத்திருப்பது, புதிதாக மீசை முளைத்தவனை வைத்திருப்பதைவிடச் சிரமம். எதிரே வருபவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிக்கொண்டே இருப்பான். எனக்கு இரண்டும் ஒரே வருடத்தில், பாலிடெக்னிக் விடுதியில் வந்தன. (மீசை சரியாக வரவில்லை.)

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். சூலூரில் அப்பா தறி ஓட்டினார். நான் படிக்க வேண்டும் என்பதற்காகவே, எழுத்துக்கூட்டப் பழகும் முன்பே அக்கா தங்கமணி அதே தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றப் போனாள். அவள் சுற்றிய நூலில் படித்துவிட்டு வந்து, சாமியெல்லாம் கிடையாது என்று அவளுக்கே வகுப்பெடுத்தேன்.

"செரிடா கண்ணு, சோறு ஆறுது" என்பாள்.

தொண்ணூற்று மூன்றில் அவளுக்கு ஒரு வரன் வந்தது. பையனுக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறையில் வேலை. பெண் பார்த்துவிட்டு அவர்கள் போனதும் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்:

"ஏண்டா, லேத்துல கையி கிய்யி சிக்கிறாதுல்ல?"

இதைவிட வெளிப்படையாக அவளால் ஆசையைச் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் குலதெய்வத்திடம் கவுளி கேட்காமல் எங்கள் வீட்டில் எதுவும் நடக்காது. கவுளி என்பது பல்லி சொல்வது. காங்கேயம் பக்கத்துக் கோயிலில் ஆத்தா முன்னால் உட்கார்ந்து காரியத்தை மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். பல்லி சத்தமிட்டால் உத்தரவு. உச்சிப் பொழுதுக்குள் சொல்லவில்லை என்றால் அந்த வரனை மறந்துவிட வேண்டியதுதான்.

காலையிலேயே போய்விட்டோம். அப்பாவும் அக்காவும் பூசாரியும் ஆத்தாவுக்கு நேராக உட்கார்ந்தார்கள். கும்பிடாத நான் மட்டும், கொள்கைப்படி, ஒதுங்கிப் போய் ஒரு தூணில் சாய்ந்துகொண்டேன். சுவரில் பல்லிகளுக்குக் குறைவில்லை. ஒன்று பூச்சி பிடித்தது, ஒன்று வாலை ஆட்டியது. பேசுகிற வழியைத்தான் காணோம்.

"ஏனுங்க பூசாரி, தூங்குதுங்களா?" என்றார் அப்பா.

"அதுக்கு மனசு வரோணுமுங்க."

வெயில் வாசற்படிக்கு வந்தது. அக்கா கண்களை இறுக மூடியிருந்தாள். அவள் விரல்கள் மட்டும் மடியில் இல்லாத நூலைச் சுற்றிக்கொண்டிருந்தன. எனக்குத் தாங்கவில்லை. அறிவியல் தலையிட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று முடிவு செய்தேன். தூணுக்குப் பின்னால் முகத்தை மறைத்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, "ச்சு ச்சு ச்சு" என்றேன். நிஜப் பல்லியே திரும்பிப் பார்க்கும் தரம்.

அப்பா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எந்திரி அம்மணி. ஆத்தா வேண்டாம்னு சொல்லிப்போட்டா."

வலப்பக்கம் சொன்னால் சரி, இடப்பக்கம் சொன்னால் கூடாது. எங்கள் சொந்தத்தில் பால்குடிக் குழந்தைக்கும் இது தெரியும். படிக்கிற பையன் என்று என்னை மட்டும் இதற்கெல்லாம் யாரும் கூட்டிப்போனதில்லை. நான் சாய்ந்திருந்தது இடப்பக்கத் தூண்.

"அப்பா, அது பல்லி இல்லீங்கப்பா! நானுங்கப்பா!"

நம்ப வேண்டுமே என்று இன்னொரு முறை சத்தமிட்டும் காட்டினேன். (அதே இடத்தில் நின்றுகொண்டு.)

"ரெண்டாந்தடவையும் எடதுதானுங்க" என்றார் பூசாரி.

அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "ஏஞ்சாமி, அத்தனை எடம் கெடக்கறப்ப நீ எதுக்கு அந்தத் தூணுக்குப் போனே?" என்றார்.

"சும்மாதானுங்கப்பா."

"சும்மாவா? சாமியே இல்லைங்கற பையன் வாயில வந்து ஆத்தா சொல்லிப்போட்டா. இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?"

நான் அந்தத் தூணை விட்டு இரண்டடி தள்ளி நின்றேன்.

திரும்பும்போது அக்கா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பல்லடம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"கத்துனதுதான் கத்துனே. அந்தப் பக்கம் போயிக் கத்தியிருக்கக் கூடாதாடா?"

அடுத்த வரனுக்கு நிஜப் பல்லியே, வலப்பக்கமே, சரவெடி போலச் சொன்னது. அந்த மாப்பிள்ளை கல்யாணத்துக்கு மறுவாரமே குடித்துவிட்டு வந்தார், அப்புறம் நிறுத்தவே இல்லை. அக்கா கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்து, மறுபடியும் தார் சுற்ற உட்கார்ந்தாள். எனக்குக் 'கவுளி' என்று பெயர் வைத்ததும் அவள்தான். "கவுளி வந்துட்டான், எந்தப் பக்கம் நிக்கறான்னு பாத்துட்டுச் சோறு போடுங்க" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கொஞ்சம் தாமதமாக.

தொண்ணூற்றொன்பதில் அவள் மகளை இங்கிலீஷ் பள்ளியில் சேர்க்கும் பேச்சு வந்தது. அப்போது கோவை கணபதியில் வேலையில் இருந்த நான், செலவை ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். பெண்பிள்ளைக்கு அவ்வளவு படிப்பு எதற்கு என்று அப்பாவுக்குத் தயக்கம்.

"எதுக்கும் ஆத்தாளைக் கேட்டுப்போடலாம்" என்றார்.

மறுபடியும் அதே கோயில். கால் பழக்கத்தில் நான் அதே தூணை நோக்கி நடந்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து, வலப்பக்கத் தூணடியில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பல்லிகள் வாயைத் திறக்கவில்லை. வெயில் வாசற்படிக்கு வந்தது. அவள் முழங்கை என் விலாவில் இடித்தது.

சத்தமிட்டேன்.

அப்பா கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "பல்லியா, நீயாடா?"

"நானுங்கப்பா."

"அப்பச் செரி" என்றார். ஆத்தாவை விட்டு என் பக்கமாகத் திரும்பி, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.