ஞாயிற்றுக்கிழமைப் பிணம்

"நாளைக்குக் காலையில ஆறரைக்கெல்லாம் புன்னைக்காயல் கடற்கரைக்கு வந்துருங்க அண்ணாச்சி," என்றான் போனில் லிங்கராஜ். சினிமா கம்பெனியின் மேனேஜர்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமல்லா? எனக்குச் சபையில டிரம்ஸ் இருக்கு. திங்கக்கெழம வாரேனே."

"டைரக்டருக்கு ஞாயித்துக்கெழம வெயிலுதான் பிடிச்சிருக்கு."

மற்ற கிழமை வெயிலில் என்ன குறை என்று கேட்க நேசக்குமாருக்குத் தைரியம் இல்லை. நாற்பத்தெட்டு வயதில் சினிமா வீடு தேடி வந்திருக்கிறது. கேள்வி கேட்டு விரட்டுவானேன்?

கல்யாண ரிசப்ஷன் கச்சேரிகளிலும், ஆறுமுகநேரிப் பக்கம் தன் ஊர்க் கிறிஸ்தவச் சபையிலும் பத்தொன்பது வருஷமாக டிரம்ஸ் அடிக்கிறவர் அவர். படத்திலும் முதலில் டிரம்ஸ் அடிக்கத்தான் கூப்பிட்டார்கள். கேமரா அவருடைய கைகளை மட்டும் எடுத்தது. பிறகு, "முகத்துல ஒரு சோகம் இருக்கு" என்று உப்பள மேஸ்திரி ஆக்கினார்கள். "லாரி வந்தாச்சு" என்று ஒரு வசனம்கூட உண்டு. அதை அவர் வீட்டில் அறுபது விதமாகச் சொல்லிப் பார்த்தார்.

ஆனாலும் அவருடைய உயிர் சபையில் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்த அந்த ஸ்டூலில்தான் இருந்தது. ரிசப்ஷனில் பிரியாணி தின்கிற ஜனம் அவரை ஏறிட்டும் பார்த்ததில்லை. சபையிலோ அவர் அடித்தால் முந்நூறு பேர் எழுந்து நின்று பாடுவார்கள். உலகத்தில் அவரை நம்பி எழுந்து நின்றவர்கள் அவர்கள் மட்டும்தான்.

"ஸ்டூல் கைவிட்டுப் போயிருமோன்னு பயமா இருக்கு," என்றார் மனைவி ரேச்சலிடம். அவள் பள்ளிக்கூட டீச்சர்; சபைப் பாடகர் குழுவுக்கும் அவள்தான் தலைவி.

"ஸ்டூலு எங்க போயிரப் போவுது? வந்த வாய்ப்ப விட்டுராதிய," என்றாள் அவள். ஞாயிறுதோறும் ஐந்து மணிக்கே எழுப்பி, இட்லி கட்டிக் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினாள். இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும் என்று நேசக்குமார் பைக்கில் போகும்போதெல்லாம் நெகிழ்ந்துபோனார்.

ஸ்டூலைக் காப்பாற்ற அவர் ஒரு தந்திரம் செய்தார். தான் இல்லாத ஞாயிறுகளுக்குச் சபை வாலிபன் ஷாமை உட்காரவைத்தார். ஷாம் பேங்கில் வேலை. குச்சியைப் பேனா மாதிரி பிடிப்பவன். அவன் சொதப்பினால் ஜனங்கள் தன்னைத் தேடுவார்கள் என்பது கணக்கு.

இரண்டு வாரம் கழித்து, சபையில் முன்வரிசையில் உட்காரும் கிருபாபாய் அம்மாள் கடைத்தெருவில் அவரை நிறுத்தினார். "ஏல நேசா, பாட்டுல என்ன வார்த்தை இருக்குன்னே எனக்கு இப்பத்தான் கேக்குது. அந்தப் பய நல்லா மெதுவா அடிக்கான்."

நேசக்குமாரின் கணக்கு தப்பிப்போனது. மறுநாளே லிங்கராஜிடம் ஓடினார்.

"என் கேரக்டரச் சீக்கிரம் கொன்னுருங்க தம்பி. கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனைக்குள்ள நான் சபைக்குத் திரும்பணும்."

லிங்கராஜ் உடனே சம்மதித்தான். அந்த வாரமே மேஸ்திரியைக் கடலில் தள்ளிக் கொன்றார்கள். வேலை முடிந்தது என்று நேசக்குமார் கும்பிட்டார்.

"இனிமேதான் அண்ணாச்சி வேலையே. பொணம் கரை ஒதுங்கணும், போலீஸ் பாக்கணும், பொஞ்சாதி அழணும். நாலு ஞாயித்துக்கெழம ஆவும்."

உயிரோடு இருந்தபோதாவது ஒரு வசனம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. உதட்டில் நீலச்சாயமும் தலையில் கடற்பாசியுமாக ஞாயிறுதோறும் மணலில் மல்லாந்து கிடந்தார். சிலநாள் கேமராவே அவர் பக்கம் திரும்பவில்லை. அப்போதும் யாரும் அவரை எழுந்திருக்க விடவில்லை.

கேரல் ஆராதனை ஞாயிறும் வந்தது. எட்டரைக்கு ஆரம்பம். எட்டு மணிக்கு நேசக்குமார் மணலில் கிடந்தபடியே ஒரு முடிவெடுத்தார். காட்சியைக் கெடுத்தால் துரத்திவிடுவார்கள். விரல்களால் மணலில் தாளம் போட்டார்.

"கட்! பொணம் தாளம் போடுது!"

துரத்தவில்லை. அவருடைய கைகளை மணலில் புதைத்தார்கள். அவர் கால் கட்டைவிரலை ஆட்டினார். கால்களையும் புதைத்தார்கள்.

மணி எட்டே முக்கால். இந்நேரம் ஷாம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். நேசக்குமாருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மணலை உதறித் திமிறி எழுந்து பைக்கைப் பார்த்து ஓடினார். லிங்கராஜ் குறுக்கே வந்து மறித்தான்.

"என்னைய விட்டுருங்கய்யா! பத்தொம்பது வருசத்துல ஒரு கேரல் விட்டதில்ல. நான் இல்லாம அங்க ஒருத்தரும் பாட மாட்டாவ. என் பொஞ்சாதி ஒத்தையில என்ன செய்வா?"

லிங்கராஜ் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான். மேக்கப் போடுகிற பேச்சிச்செல்வி, பக்கத்துப் புதுக்கோட்டையில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள், அவருடைய கன்னத்தில் கண்ணீர் கரைத்த சாயத்தைப் பஞ்சால் ஒற்றியபடி சொன்னாள்:

"நீங்க இப்பப் போனா யூனிட்டு அம்பது பேரும் தெருவுலதான் படுக்கணும் அண்ணாச்சி. ஞாயித்துக்கெழம பத்து மணி வரைக்கும் உங்கள விடவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் ரேச்சல் டீச்சர் நாங்க தங்குறதுக்குச் சபை மண்டபத்தையே சும்மா வாங்கித் தந்திருக்காவ."